சிவப்புப் பென்சில்காரர்

கிளவுடைத் தாளின் முன்பக்கம் போடக் கூடாது. கையால் வரைந்த காலத்தில் டிராயிங் ஆபீசில் புதிதாகச் சேரும் பையனுக்கு முதலில் சொல்லித்தந்தது இதைத்தான். கோடுகளும் அளவுகளும் டிரேசிங் தாளின் முன்பக்கத்தில், மையில். திருத்திய இடத்தைச் சுற்றி வளைவு வளைவாக ஓடும் கிளவுட் மட்டும் தாளைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில், பென்சிலில். அடுத்த திருத்தம் வரும்போது பழைய கிளவுடை அழித்தாக வேண்டும்; முன்பக்கத்து மைக்குச் சேதம் வராமல் அழிக்க வேறு வழி கிடையாது. டிரேசிங் தாளில் வெளிச்சம் ஊடுருவிப் போகும் என்பதால் அம்மோனியா பிரிண்டில் இரண்டு பக்கமும் ஒன்றாகவே விழும். மேகம் பின்னால் இருக்கிறது என்பது பிரிண்டைப் பார்ப்பவருக்குத் தெரியாது. வரைந்தவனுக்கு மட்டும்தான் தெரியும்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில், விமான நிலையம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மாத்தூர். அந்தச் சாலையில் வருபவர்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டம் அந்தப் பக்கம்தான் தொடங்குகிறது. திருவெறும்பூரில் 1965இல் பெல் பாய்லர் ஆலை வந்த பிறகு அதைச் சுற்றித் துணைத் தொழிற்கூடங்கள் முளைத்தன. துவாக்குடியைப் போல மாத்தூரும் அப்படி வளர்ந்த இடம். அழுத்தம் தாங்கும் குழாய்களும் டிரம்மும் பெரிய ஆலையில் ஆகும். அவற்றைத் தூக்கி நிறுத்தும் தூண், பீம், காற்றும் புகையும் போகும் டக்ட், ஏணி, பிளாட்பாரம், கைப்பிடி இவையெல்லாம் எங்களைப் போன்ற யூனிட்டுகளுக்கு வரும். கீரனூர், குளத்தூர், அன்னவாசல், விராலிமலை என்று சுற்றுப்பட்டு ஊர்ப் பையன்கள் வெல்டராகவும் ஃபிட்டராகவும் வந்து சேர்ந்தார்கள். மழையை நம்பிய கண்மாய்ப் பாசனம். மழை ஏமாற்றிய வருஷங்களில் அந்தக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது இந்த ஷெட்டுகள்தான்.

டிரேசிங்கில் ஓர் எண்ணை மாற்றுவது என்பது அரை நாள் வேலையாகக்கூட ஆகிவிடும். முதலில் பாதி பிளேடை விரலிடுக்கில் சாய்த்துப் பிடித்து, பழைய மையை மேலாகச் சுரண்ட வேண்டும். அழுத்தினால் தாள் ஓட்டையாகும். அழுத்தாவிட்டால் மை போகாது. சுரண்டிய இடம் சொரசொரப்பாகிவிடும், அதன்மேல் அப்படியே எழுதினால் மை பரவும். அதனால் நகத்தின் முதுகால் அந்த இடத்தை நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகுதான் ரோட்ரிங் பேனாவை வைப்போம். பிறகு மாற்றிய அளவுக்குப் பக்கத்தில் சின்ன முக்கோணம், அதற்குள் திருத்த எண். வலது ஓரம் கீழே இருக்கும் பெயர்ப் பெட்டிக்கு மேல் ரிவிஷன் டேபிளில் அதே எண், தேதி, என்ன மாற்றம், யார் போட்டது, யார் சரிபார்த்தது. திருத்தங்கள் கூடக் கூட அந்த டேபிள் கீழிருந்து மேலாக ஏறிக்கொண்டே போகும். கிளவுட் அடுத்த ரிவிஷனில் மறையும், முக்கோணம் நிற்கும்.

சில சமயம் நீளம் சிறிதளவே மாறும். அதற்காகக் கோட்டையே சுரண்டி வேறு இடத்தில் போட முடியாது. எண்ணை மட்டும் மாற்றி அதன் கீழே ஒரு கோடு இழுத்துவிடுவோம். அளவுக்கு வரையப்படவில்லை, எண்ணை மட்டும் நம்பு என்பது அதன் பொருள். மார்க்கிங் செய்கிறவர் ஸ்கேலைத் தாளில் வைத்து அளந்துவிடக் கூடாதே என்ற கவலை அந்த ஒரு கோட்டில் இருக்கும்.

புது பிரிண்ட் எடுத்ததும் பழைய பிரிண்டுகள் எல்லாவற்றையும் வேலை நடக்கும் ஷாப்பிலிருந்து திரும்ப வாங்க வேண்டும். ஒன்று வெல்டரின் டூல்பாக்ஸில் கிடக்கும், ஒன்று இன்ஸ்பெக்டர் மேசையில், ஒன்று டீக்கடைப் பக்கம் போயிருக்கும். ஒவ்வொன்றாகத் தேடி வாங்கி, செல்லாது என்று ரப்பர் ஸ்டாம்பு அடித்து ஓரமாக வைப்பது எங்கள் வேலை. ஒரு பழைய தாள் ஷாப்பில் தங்கிவிட்டால் ஒரு டன் இரும்பு வீணாகும்.

இதையெல்லாம் சொல்வது அந்த வேலையின் நேர்த்தியைப் பாட அல்ல. நான் தேடுவது ஒரு மனிதரை. அன்னவாசல்காரர், மார்க்கிங் ஃபிட்டர். என்னைவிட இருபது வயதாவது பெரியவர், நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். தட்டில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, சென்டர் பஞ்ச் அடித்துத் துளைக்கு இடம் குறிப்பது அவர் பொறுப்பு. தாளில் உள்ளது இரும்பாக மாறும் முதல் இடத்தில் அவர்தான் நின்றார். அதனால் தாளில் உள்ள தவறு முதலில் அவர் கண்ணில்தான் படும்.

ஒருநாள் பிரிண்டைச் சுருட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். தூணோடு பிராக்கெட் சேரும் இடம். 20 மில்லிமீட்டர் போல்ட்டு, 22இல் துளை. எல்லாம் கணக்குப்படி சரி.

"இந்த ஓட்டைக்குள்ள போல்ட் போவும் தம்பி, ஸ்பானர் போவாதே. இந்தா பாருங்க, ஸ்டிஃப்னர் பக்கத்துலயே வந்து நிக்கிது. 30 ஸ்பானரு எப்புடித் திரும்பும்? அம்புட்டு ஒசரத்துல நிக்கிறவன் விரலாலயா திருகுவான்?"

பிரிண்டில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். பக்கத்தில் ஸ்பானரின் தலையைத் தத்ரூபமாக வரைந்து, ஸ்டிஃப்னரில் முட்டும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி. ஓரத்தில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்; நான் பார்த்த டிராயிங்குகளில் அதைவிடத் தெளிவாக ஒரு விஷயத்தைச் சொன்னது வேறொன்று இல்லை.

அந்தத் தாள் வாடிக்கையாளர் அலுவலகத்துக்குப் போய், ஒப்புதலாகி, துளை நகர்ந்தது. ரிவிஷன் டேபிளில் ஹோல் லொகேஷன் மாடிஃபைடு என்று நான்தான் எழுதினேன். வரைந்தவர் கட்டத்தில் என் சுருக்கொப்பம், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் கட்டங்களில் வேறு இருவர். அண்ணனுக்கு அந்த டேபிளில் கட்டம் இல்லை. எங்கள் தலைமை டிராஃப்ட்ஸ்மேன் பழைய காலத்து மனிதர். சிவப்புப் பென்சில் பட்ட பிரிண்டுகளைத் தூக்கிப் போட மாட்டார், மடித்து அந்தந்த வேலையின் ஃபைலில் வைத்துக் கட்டிவிடுவார். திருத்தத்தின் உண்மையான வரலாறு அந்த ஃபைல்களில்தான் இருந்தது.

அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் டி.வி.எஸ். 50இல் என்னைச் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப் போனார். தாமரைக் குளத்து ஓவியத்தைப் பார்க்க எல்லாரும் அண்ணாந்து நிற்பார்கள். நான் அங்கே அதிக நேரம் நின்றது முகப்பருகே பாறையில் வெட்டிய கல்வெட்டின் முன்னால். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் உள்மண்டபத்தைப் புதுப்பித்து முன்னால் முகமண்டபம் எடுப்பித்த செய்தி அது. கூரையில் இன்றைய ஓவியத்துக்கு அடியில் அதற்கும் முந்திய ஓர் அடுக்கு ஓரிடத்தில் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். என் கண்ணுக்கு அந்தக் கல்வெட்டு ரிவிஷன் டேபிளாகவே பட்டது: என்ன மாறியது, யார் காலத்தில், யார் செய்தது. மாற்றியவன் பெயர் ஆயிரத்து நூறு ஆண்டுக்கு மேல் நிற்கிறது. அண்ணனிடம் சொன்னேன். "கல்லுல வெட்டுனா நிக்கும்" என்று சொல்லிவிட்டு, உளிபட்ட தடத்தைத்தான் அவர் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வந்தது. 1982 இறுதியில் அமெரிக்காவில் வெளியான ஆட்டோகேட் எங்கள் ஷெட்டுக்கு வந்து சேரப் பத்தாண்டுக்கு மேலானது. அதைப் பழிக்க என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. ஸ்ட்ரெச் செய்தால் கோட்டோடு அளவும் சேர்ந்து மாறுகிறது. எண்ணுக்குக் கீழே கோடு இழுக்கும் அவசியமே போயிற்று. கிளவுடுக்கு ஒரு கட்டளை, அதற்கென்று தனி லேயர், வேண்டாதபோது அணைத்துவிடலாம். 2019 பதிப்பில் இரண்டு கோப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, வேறுபட்டதைப் பச்சையிலும் சிவப்பிலும், மாறாததைச் சாம்பலிலும் காட்டி, கிளவுடையும் தானே போட்டுவிடும் வசதி வந்தது. மனிதக் கண் தவறவிடும் ஒரு துளையையும் அது தவறவிடாது. அம்மோனியா நெடியில் கண் எரிந்தவர்கள் அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

போனது வேறு. டிரேசிங்குகளை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள்; ஃபைல்களில் மடித்துக் கட்டியிருந்த சிவப்புப் பென்சில் பிரிண்டுகளை ஏற்றவில்லை. கடைசி ரிவிஷன் கையில் இருக்கும்போது குறிப்புத் தாள் எதற்கு என்று கேட்டார்கள். அம்மோனியா பிரிண்ட் எப்படியும் வெளுத்துவிடும் என்பதும் உண்மைதான். மூட்டை மூட்டையாகப் பழைய பேப்பர் கடைக்குப் போயின. ஸ்பானர் தலை வரைந்த அந்தத் தாளும் அதில் ஒன்று. பிறகு சி.என்.சி. கட்டிங் மெஷின் வந்தது. கோப்பு நேராக மெஷினுக்கே போக, சாக்குக்கட்டியும் சென்டர் பஞ்சும் ஓய்ந்தன. இரும்பாவதற்கு முன் தாளைப் படித்துக் கேள்வி கேட்ட அந்த இடம் வேலை வரிசையில் இல்லாமல் போயிற்று. இப்போது கேள்வி எரெக்‌ஷன் நடக்கும் இடத்திலிருந்து, எங்கோ சத்தீஸ்கரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ, ஃபோட்டோவாக வருகிறது.

வேலையில் இருந்த கடைசி ஆண்டுகளில் நான் ஒவ்வொரு டிராயிங்கிலும் பிளாட் ஆகாத ஒரு லேயர் வைத்தேன். ஷாப் என்று பெயர். பிரிண்டில் விழாது, திரையில் திறந்தால் தெரியும். ஒவ்வொரு முக்கோணத்துக்குப் பக்கத்திலும் அந்தத் திருத்தத்துக்குக் காரணமானவர் பெயரையும் அவர் சொன்னதையும் அதில் தட்டச்சு செய்துவிடுவேன். பிளேட் இடுக்கில் எலெக்ட்ரோடு நுழையவில்லை, வெல்டர் சொன்னார். டக்ட் லாரியில் ஏறாது, இரண்டாகப் பிரிக்கச் சொன்னவர் கிரேன் ஓட்டுநர். கைப்பிடியை நூறு மில்லிமீட்டர் வெளியே தள்ளியது பெயின்டர் சொல்லி. உள்பக்கம் அவர் பிரஷ் போகவில்லை.