மஞ்சள் அம்பு போட்டவர்

பிரான்ஸ் நாட்டின் தென்கோடியில், பிரனே மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கிளம்பி, மலையைத் தாண்டி, ஸ்பெயினின் வடபகுதி முழுவதையும் குறுக்கே கடந்தால் சாந்தியாகோ தே கொம்பொஸ்தேலா வரும். தூரம் சுமார் 780 கிலோமீட்டர். நடந்து வந்து சேர்கிறவர்கள் பேராலயத்துக்கு எதிரே உள்ள ஒப்ரதோய்ரோ சதுக்கத்தில் முதுகுப்பையை இறக்கிவிட்டுக் கல்தரையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். சிலர் பையைத் தலைக்கு வைத்து மல்லாந்து படுத்துக்கொள்கிறார்கள். பிறகு யாத்திரிகர் அலுவலகம். வழிநெடுக விடுதிகளிலும் தேவாலயங்களிலும் முத்திரை வாங்கிய அட்டையை நீட்டினால், பெயரை எழுதி இலத்தீன் மொழிச் சான்றிதழ் ஒன்று தருவார்கள். அதைப் பெறக் குறைந்தது 100 கிலோமீட்டராவது நடந்திருக்க வேண்டும்.

நம் கடலோரக் கிராமங்களில் சந்தியாகப்பர் என்று வணங்கப்படும் அப்போஸ்தலரின் கல்லறை அங்கே இருப்பதாக நம்பிக்கை.

இந்த நடையை முடித்தவர்கள் எழுதியதைப் படிக்கப் படிக்க, ஒரு சின்ன விஷயம் என் மனதைப் பிடித்துக்கொண்டது. கொப்புளம், மழை, குறட்டைச் சத்தம் நிறைந்த விடுதி என்று ஒவ்வொருவர் அனுபவமும் ஒவ்வொரு விதம். ஆனால் எல்லோரும் மஞ்சள் அம்பைப் பற்றிச் சொல்கிறார்கள். மரத்தில், மதிலில், பாறையில், மின்கம்பத்தில் பெயின்டால் இழுத்த அம்பு. அது காட்டும் பக்கம் போனால் போதும், வழி தவறாது. ஆயிரம் ஆண்டுப் பழைய பாதை இது. அம்பு எப்போது வந்தது? யார் போட்டது? இதைத்தான் தேடத் தொடங்கினேன்.

விடை வியப்பாக இருந்தது. ஆண்டு 1984. போட்டவர் ஒரு கிராமத்துப் பங்குத்தந்தை.

எலியாஸ் வலீன்யா சம்பேத்ரோ என்பது அவர் பெயர். 1929-இல் பிறந்தவர். கலீசிய மாநிலத்துக்குள் பாதை நுழையும் இடத்தில், ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓ செப்ரெய்ரோ என்ற மலைக்கிராமத்துக்கு 1959-இல் வந்து சேர்ந்தார். வைக்கோல் வேய்ந்த வட்ட வடிவக் கல்வீடுகள், பழைய தேவாலயம், வருஷத்தில் பாதி நாள் பனிமூட்டம். அந்த ஊரைப் பழுதுபார்த்து நிமிர்த்தியதோடு, கைவிடப்பட்டுக் கிடந்த யாத்திரைப் பாதையையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார் அவர். பாதையின் வரலாற்றையும் சட்டநிலையையும் ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினார். அந்த ஆய்வு 1971-இல் நூலாக வந்தது.

ஆய்வோடு நிறுத்தியிருந்தால் அவரை இன்று நூலகங்களில் மட்டுமே தேட வேண்டியிருக்கும். சாலை வேலையில் மிஞ்சிய மஞ்சள் பெயின்டை வாங்கித் தன் சித்ரோவென் காரில் ஏற்றிக்கொண்டு, பிரனே மலையிலிருந்து மேற்கு நோக்கி அம்பு போட்டுக்கொண்டே வந்தார். வழி இரண்டாகப் பிரிகிற இடம், நடப்பவர் தயங்கி நிற்கிற இடம் எல்லாவற்றிலும் ஓர் அம்பு. பாஸ்க் பகுதியில் பதற்றம் மிகுந்திருந்த காலம் அது. பிரனேயில் காவலர்கள் அவரை மடக்கி என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதாகவும், பிரான்ஸிலிருந்து பெரும் படையெடுப்பு ஒன்றுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று அவர் பதில் சொன்னதாகவும் ஒரு கதை உலவுகிறது. படையெடுப்பு நடக்கத்தான் செய்தது. 1985-இல் சான்றிதழ் வாங்கியவர்கள் 690 பேர். 2024-இல் ஏறத்தாழ 5 லட்சம்.

ஆனால் எந்த வழியில் அம்பு போடுவது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? அந்தக் கேள்வி என்னை 12-ஆம் நூற்றாண்டுக்கு இழுத்துப்போனது. கலிக்ஸ்தினுஸ் சுவடி என்ற தொகுப்பின் ஐந்தாம் பகுதி, இந்த யாத்திரைக்கான வழிகாட்டி நூல். எந்த ஊருக்கு அடுத்து எந்த ஊர், எந்த ஆற்றுத் தண்ணீர் குடிக்கலாம், எது ஆகாது என்று விலாவாரியாகச் சொல்கிறது. நவார்ரா நாட்டில் ஓர் உப்பாற்றங்கரையில் இரண்டு பேர் கத்தி தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். தண்ணீர் நல்லதுதான் என்று அவர்கள் சொன்னதை நம்பிக் குதிரைகளுக்குக் காட்ட, இரண்டு குதிரைகள் செத்து விழுந்தன. அவர்கள் அங்கேயே தோலை உரித்தார்கள் என்று பொருமுகிறார் ஆசிரியர். சாந்தியாகோ பேராலயத்தின் வடக்கு வாசலில் சிப்பி, திராட்சை மதுக்குடுவை, செருப்பு, தோல்பை, மூலிகை எல்லாம் விற்ற கடைத்தெருவையும் அவர் விட்டுவைக்கவில்லை. அந்தக் கால யாத்திரிகருக்கு அங்கே பாதி வேலைதான் முடிந்திருக்கும். அதே தூரத்தைத் திரும்பியும் நடக்க வேண்டும்.

இன்னும் பின்னால் போனால் கல்லறையே வருகிறது. 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாயோ என்ற துறவி காட்டில் அதிசய ஒளியைக் கண்டார் என்றும், ஈரியா ஆயர் தெயோதோமீரோ போய்ப் பார்த்து அது அப்போஸ்தலரின் கல்லறை என்று அறிவித்தார் என்றும், அஸ்தூரியாஸ் மன்னர் இரண்டாம் அல்போன்சோ கோயில் எழுப்பினார் என்றும் மரபு. பிறகு அந்தக் கல்லறையும் தொலைந்தது! 1589-இல் ஆங்கிலேயத் தளபதி டிரேக்கின் படை அருகிலுள்ள லா கொருன்யாவைத் தாக்கியபோது, பேராயர் புனித எலும்புகளை ஒளித்துவைத்தார். ஒளித்த இடம் மறந்துபோயிற்று. ஏறத்தாழ 300 ஆண்டுகள், அப்போஸ்தலர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாமலே மக்கள் அங்கே நடந்து வந்தார்கள். 1879-இல் தோண்டியெடுத்தார்கள், 1884-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ உறுதிப்படுத்தினார்.

தெயோதோமீரோ என்று ஒருவர் இருந்தாரா என்றே ஆய்வாளர் சிலர் ஐயப்பட்டதுண்டு. 1955-இல் பேராலயத் தரைக்கடியில் நடந்த அகழாய்வில் அவருடைய கல்லறைப் பலகையே கிடைத்தது. இறந்த ஆண்டு 847. ஈரியாவில் ஆயர் இருக்கை இருந்தும், தான் அறிவித்த கல்லறையின் அருகிலேயே அடக்கமாகியிருக்கிறார் மனிதர். எலும்புகள் யாருடையவை என்பதற்கு இந்தக் கல் சாட்சி சொல்லாது. ஆனால் அந்த ஆயர் தன் சொல்லை முழுமையாக நம்பினார் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை.

வலீன்யாவும் அந்த வகை மனிதர்தான். 1987-இல் ஹாகா நகரில் யாத்திரை நண்பர் சங்கங்களையும் ஆய்வாளர்களையும் ஒன்றுகூட்டினார். பாதைக்கு நிரந்தரப் பாதுகாவலர்கள் வேண்டும் என்று வற்புறுத்தினார். அதே ஆண்டில் ஐரோப்பிய மன்றம் இதை ஐரோப்பியப் பண்பாட்டு வழியாக அறிவித்தது. 1989 டிசம்பரில் அவர் காலமானார். 1993-இல் யுனெஸ்கோ பாதையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததை அவர் பார்க்கவில்லை. ஓ செப்ரெய்ரோ தேவாலயத்தின் அருகே அவருக்கு மார்பளவுச் சிலை வைத்திருக்கிறார்கள். வெயிலிலும் மழையிலும் மங்கும் அம்புகளை அந்தந்த வட்டாரச் சங்கத்துத் தன்னார்வலர்கள் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாகப் போய்ப் புதுப்பித்துவருகிறார்கள்.