எழுபது வயதில் முதன்முறையாக பாருக்குப் போனேன்

போன பொங்கலுக்கு பெங்களூரிலிருந்து மகன் வந்திருந்தான். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் காலையில், காபி குடித்துக்கொண்டே கேட்டான்.

"அப்பா, சாயங்காலம் எங்கூட ஒரு இடத்துக்கு வர்றீங்களா? அவினாசி ரோட்டுல ஒரு ஓட்டல். மேல லவுஞ்ச் இருக்குது. பார்தானுங்க, முன்னாடியே சொல்லிடறேன். நேத்து திருவள்ளுவர் தினம், மூடியிருப்பாங்க. இன்னைக்குத் திறந்திருக்கும்."

நான் பதில் சொல்லாமல் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். உள்ளேயிருந்து வீட்டம்மா குரல் கொடுத்தார். "கேட்டுட்டுத்தானுங்களே கூப்பிடறான்? ஒளிஞ்சா போறான்? போய்ட்டு வாங்க."

ஒளிஞ்சு என்ற அந்தச் சொல்தான் என்னைக் கிளப்பியது.

நான் இதுவரை ஒரு சொட்டு தொட்டதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, பயம். கிணத்துக்கடவு பக்கம் எங்கள் ஊர். நான் பையனாக இருந்த காலத்தில் இங்கே மதுவிலக்கு. 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கியது, 1948-ல் மாகாணம் முழுவதற்கும் வந்துவிட்டது. ஆனால் மேற்கே கொஞ்ச தூரம் மிதித்தால் கேரளா. 1967-ல் அங்கே மதுவிலக்கை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் எங்கள் அய்யன், மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கப் போகிறேன் என்று சைக்கிளை எடுத்தால் வேலந்தாவளம் தாண்டித்தான் நிற்பார்.

1968-ல் ஒரு ராத்திரி. அய்யன் வரவில்லை. அம்மா அரிக்கேன் விளக்கைக் கையில் கொடுத்து என்னை அனுப்பினார். எனக்கு 13 வயது. இட்டேரியில் கிளுவை வேலியை ஒட்டி, சைக்கிள் மேலே கிடக்க, அய்யன் விழுந்து கிடந்தார். தூக்கி உட்கார வைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாகிட்டச் சொல்லாத கண்ணு, சைக்கிள் பஞ்சர்னு சொல்லிரு" என்றார். அப்படியே சொன்னேன். அம்மா நம்பவில்லை என்று அப்போதே தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

1971-ல் இங்கேயே கடை திறந்தார்கள். 1974-ல் முழுதாக மூடினார்கள். 1981-ல் மறுபடி திறந்தார்கள். இதற்கிடையில் எங்கள் இரண்டு ஏக்கர் தோட்டம் கிணற்றோடு கைமாறிவிட்டது. அய்யன் கடைசிவரை ஒளிந்துதான் குடித்தார். நாங்களும் கடைசிவரை தெரியாததுபோலவே இருந்தோம்.

சரி, லவுஞ்சுக்கு வருகிறேன். பெங்களூர் மாதிரி நம் ஊரில் தெருவுக்குத் தெரு பப் கிடையாது. டாஸ்மாக் கடையை விட்டால், நட்சத்திர ஓட்டலுக்கும் கிளப்புக்கும்தான் லைசென்ஸ். அதனால் நல்ல இடத்தில் உட்கார்ந்து குடிக்க நினைப்பவர்கள் இந்த மாதிரி ஓட்டலுக்குத்தான் வந்தாக வேண்டும்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சோபா ரொம்பத் தாழ்வு. உட்காருவது சுலபம், எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைக்காது. வெளிச்சமும் குறைவு, மெனுவை செல்போன் டார்ச் அடித்துத்தான் படித்தேன். எட்டு மணிக்கு முன்னால் போனால் பாட்டுச் சத்தம் தாங்கலாம். நான் பயந்ததுபோல யாரும் சத்தம் போடவில்லை. பக்கத்து மேஜையில் ஒரு குடும்பமே பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்தது.

எனக்கு எலுமிச்சை, இஞ்சி, புதினா, சோடா கலந்து ஒன்று வந்தது. நம் கோலி சோடாவுக்குக் கோட்டு சூட்டு மாட்டிவிட்டதுபோல இருந்தது. 1976-ல் பேங்கில் என் முதல் சம்பளம் 430 ரூபாய். இந்த சோடா அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு!

மகன் ஜின்னும் டானிக்கும் வாங்கினான். டானிக்கின் கசப்பு கொயினாவாம். மலேரியாவுக்குக் கொடுத்த அந்தக் கசப்பு மருந்தை விழுங்குவதற்காகத்தான் வெள்ளைக்காரர்கள் சர்க்கரையும் எலுமிச்சையும் ஜின்னும் சேர்த்துக் குடித்தார்களாம். எனக்கு வால்பாறை ஞாபகம் வந்தது. அங்கே மூன்று வருடம் வேலை பார்த்தேன். பக்கத்தில் சின்கோனா என்றே ஓர் ஊர். கொயினா எடுக்கும் மரத்தின் பெயர் அது. நீலகிரியில் நடுவட்டத்திலும் 1860-களிலேயே அந்த மரத்தை நட்டார்கள். "இது நம்ம மலைச் சரக்குடா" என்றேன். சிரித்தான்.

கலக்கிக் கொடுத்த பையனையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் இரண்டு பக்கமும் வாயுள்ள சின்ன எவர்சில்வர் கிண்ணம். ஒரு பக்கம் 30 மில்லி, மறு பக்கம் 60 மில்லி. சொட்டுகூடச் சிந்தாமல் அளந்து ஊற்றினான். எங்கள் அய்யனுக்கு அளவு என்று ஒன்று இருந்து நான் பார்த்ததில்லை.

"அப்பாரை நெனச்சுட்டு இருக்கீங்களா?" என்றான் மகன்.

"உனக்கு யாரு சொன்னது?"

"அத்தை சொன்னாங்க. நீங்க ஒரு நாளும் சொன்னதில்லீங்களே. நான் எப்பவாவது குடிப்பேனுங்கப்பா. உங்களுக்குத் தெரியாம குடிக்கப் பிடிக்கல. அதனாலதான் கூட்டிட்டு வந்தேன்."

அந்த இட்டேரி ராத்திரியை அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னேன். 57 வருடமாக யாரிடமும், வீட்டம்மாவிடம்கூடச் சொல்லாதது. அவன் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு இன்னொன்று வாங்கினான். என் கண் அந்த அளவுக் கிண்ணத்திலேயே இருந்ததை அவனும் பார்த்தான். "இதோட போதுமுங்கப்பா" என்றான். அதோடு நிறுத்தியும் விட்டான். வண்டியை எடுத்துவராமல் டாக்சியில்தான் போனோம், டாக்சியிலேயே திரும்பினோம்.

பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அவன் பெங்களூரில் இருக்கும் சனிக்கிழமை ராத்திரிகளில் இப்போதும் எனக்குத் தூக்கம் வர நேரமாகிறது. ஆனால் போன் செய்து கேட்டால் உள்ளதைச் சொல்வான் என்று தெரியும். எங்கள் அய்யனிடம் எனக்கு அது கிடைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது, "அடுத்த தடவை அந்த இட்டேரியைக் காட்டுங்கப்பா" என்றான். காட்டுகிறேன் என்றேன். தோட்டம் இப்போது வேறொருவருடையது, வேலியை எடுத்துவிட்டுத் தார் ரோடு போட்டாயிற்று. இருந்தாலும் இடம் எனக்குத் தெரியும்.