கண்டிக்கும் திருச்சிக்கும் எத்தனை தூரம்?

கட்டுநாயக்கவில் விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் திருச்சிராப்பள்ளி. ஆகாய வழியில் சுமார் 420 கிலோமீட்டர். கண்டியிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் பஸ்ஸில் இறங்கி வருவதற்கோ அதைவிட மிகுந்த நேரம் பிடிக்கும். விஞ்ஞானம் உலகைச் சுருக்கிவிட்டது என்று வகுப்பில் பெருமிதத்தோடு சொல்லிக் கொடுக்கிறோம். உண்மைதான். ஆயின், யாருக்காகச் சுருக்கிற்று என்ற கேள்வியையும் மாணவர் முன் வைக்க வேண்டாமா?

எங்கள் முன்னோர் இத்தூரத்தைக் காலால் அளந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே சுமார் 150 மைல் நடந்து மாத்தளையை அடைந்தார்கள். காலராவும் காய்ச்சலும் பசியும் வழி நெடுகப் பலிகொண்டன. உயிரோடு வந்து சேர்ந்தவனுக்கோ வழிச்செலவே கங்காணியின் கணக்கில் கடனாய் நின்றது. அக்கடனைக் குறித்த 'துண்டு'ச் சீட்டு, 1921இல் ஒழிக்கப்படும்வரை அவனைக் கட்டிப்போட்டது. நடந்தவன் அவன்; அந்த நடைக்கு விலை கொடுத்தவனும் அவனே!

1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்திற்கு விரைந்து சேர்ப்பதே அப்பாதையின் முதல் நோக்கம். அதே ஆண்டில் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் திறக்கப்பட்டன. ரயிலும் கப்பலுமாக, வாரக் கணக்கு நாட் கணக்காயிற்று.

வந்த வழி இவ்வாறு குறுகியது. அனுப்பப்பட்ட வழியும் அதுவேயாயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையொப்பமிட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டவர்களின் சம்மதத்தை யார் கேட்டார்?

என் சின்னம்மா தெல்தோட்டையில் பிறந்தவர். இந்தியாவைக் கண்டதே இல்லை. எனினும் அவருக்கு அளிக்கப்பட்ட பெயர் 'தாயகம் திரும்புவோர்'. சிறுவனாகக் கண்டி ரயில் நிலையத்தில் அவரை வழியனுப்ப நின்றேன். தகரப் பெட்டிகளுக்கு நடுவே பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அந்த ரயிலை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே அழைத்தார்கள். "இனி எப்ப வருவீங்க சின்னம்மா?" என்று கேட்டேன். அவர் என் தலையைத் தடவினார், பதில் சொல்லவில்லை. 1984இல் கப்பலும் நின்றது. கூடலூரில் குடியேறிய அவருக்கும் எங்களுக்கும் இடையே எஞ்சியது கடிதம் ஒன்றே.

2003ஆம் ஆண்டின் சட்டம் இங்கு எஞ்சிய நாடற்றவருக்குப் பிரசாவுரிமை அளித்தது. பிரிந்த குடும்பங்களை எந்தச் சட்டம் ஒன்று சேர்த்தது? நாட்கூலியை நம்பி லயத்தில் வாழும் குடும்பத்திற்கு, கடவுச்சீட்டும் பயணச்சீட்டும் விலைக்கு வாங்க வேண்டிய அந்த ஒரு மணி நேரம் இன்றும் எட்டாத தூரமே.

பூகோளம் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள் மைலையும் மணியையும் கரும்பலகையில் எழுதட்டும். அவற்றின் பக்கத்தில் மூன்றாவது கேள்வி ஒன்றையும் எழுதட்டும்: இவ்வழியே சென்றவர் தம் விருப்பத்தாற் சென்றாரா, அனுப்பப்பட்டாரா?