மாதுகங்கையில் ஒரு காலைப் பொழுது

காலி வீதியால் தெற்கே பயணிப்போர் அளுத்கம, பெந்தோட்டை, கொஸ்கொட ஆகிய ஊர்களைத் தாண்டிப் பலபிட்டியப் பாலத்தில் ஏறும்போது கீழே ஓடும் நீரைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கடலின் பக்கமே பார்த்துப் பழகிய கண்கள். மறுபக்கத்தில், சிறியதொரு முகத்துவாரத்துக்குப் பின்னால், தீவுகள் நிறைந்த விசாலமான நீர்ப்பரப்பு ஒளிந்திருக்கிறது. அதுதான் மாதுகங்கை. பெயர்தான் கங்கை, பார்வைக்கு அது ஒரு களப்பு. ஈரானின் ராம்சார் நகரில் 1971இல் கைச்சாத்தான ஈரநிலச் சாசனத்தின் கீழ் 2003இல் இதன் 915 ஹெக்டெயர் பரப்பு சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்ததாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. புந்தல, ஆனைவிழுந்தான் ஆகியவற்றுக்கு அடுத்து இலங்கைக்குக் கிடைத்த மூன்றாவது பிரகடனம் இது.

இங்கு வருவோரில் அநேகர் இயந்திரப் படகில்தான் ஏறுகிறார்கள். கறுவாத் தீவு, கொத்தூவ விகாரை, கால்களை மீன் கொத்தும் தொட்டி எல்லாம் பார்த்துவிட்டு வேகமாகத் திரும்பிவிடலாம். ஆனால் பறவை பார்க்க வேண்டுமானால் அது வழியல்ல. இயந்திரச் சத்தம் கேட்கும் முன்பே கொக்கு எழுந்து பறந்துவிடுகிறது. படகு கிளப்பும் அலையோ கரையின் சேற்றை அரித்துக்கொண்டு போகிறது.

கடந்த விடுமுறையில் மாணவர்கள் சிலருடன் சென்றபோது நாம் கயாக் எடுத்தோம். ஒருவரோ இருவரோ அமரக்கூடிய ஒடுங்கிய சிறு வள்ளம் அது. துடுப்பின் இரு முனைகளும் அகன்றிருக்கும். வலம், இடம் என்று மாறி மாறி வலிக்க வேண்டும். வடதுருவப் பகுதியின் இன்யூட் மக்கள் கடல்நாய்த் தோலைச் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டி வேட்டைக்குப் போன வள்ளமே இதன் மூலம். ஓசையில்லாமல் இரையை அணுகவென்று செய்யப்பட்டது, இன்று இரையைத் தொடாமல் பார்த்துவர உதவுகிறது!

உயிர்காப்பு அங்கி அணிவித்து, வழிகாட்டியான சிங்கள இளைஞர் முன்னே செல்ல, சுபஹ் தொழுத கையோடு நீரில் இறங்கினோம். கண்டல் மரங்களுக்கிடையிலான ஓடையில் நுழைந்ததும் மாணவர்களின் பேச்சுத் தானாகவே அடங்கிவிட்டது. கால்களை ஊன்றி நிற்பவை போல் வேர்கள் நீருக்கு மேலே வளைந்து நிற்கின்றன. இந்த மரத்தின் வித்து தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, ஈட்டி போல் நீண்டு, பிறகுதான் கீழே விழுகிறது. உவர் சேற்றில் முளைப்பது கடினம் என்பதால் படைத்தவன் அதற்கு இப்படியொரு ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கிறான். சாய்ந்த கிளையொன்றில் கபரகொய்யா வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மாணவர் ஒருவர் பயந்துவிட்டார். அது செத்ததைத் தின்று ஆற்றைத் துப்புரவாக்கும் பிராணி, நாம் சீண்டாதவரை நம்மிடம் வராது என்று வழிகாட்டி விளக்கினார். மீன்கொத்தி, நீர்க்காகம், சிறகை விரித்து உலர்த்தும் பாம்புத்தாரா எல்லாம் கைக்கெட்டும் தூரம் போல் தோன்றின. பறவைகளும் விலங்குகளும் நம்மைப் போன்ற சமூகங்களே என்று ஸூரத்துல் அன்ஆமின் 38ஆம் வசனம் கூறுவதை வகுப்பறையில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அன்று விளக்கத் தேவையிருக்கவில்லை.

கரையோரக் குடிசையொன்றை நெருங்கியபோது ஒருவர் வாய் கட்டப்பட்ட முதலைக் குஞ்சொன்றைத் தூக்கிக் காட்டினார். கையில் வைத்துப் படம் எடுக்கலாம், விரும்பியதைக் கொடுக்கலாம் என்றார். முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் எழுப்பும் ஒலியைக் கேட்டுக் கூட்டைத் தோண்டி, தன் வாயிலேயே அவற்றைச் சுமந்து நீரில் விடுவது தாய் முதலையின் இயல்பு. அவ்வாறு காக்கப்பட்ட குஞ்சு வாய் கட்டுண்டு கைக்குக் கை மாறுகிறது. 1937இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி முதலையைப் பிடிப்பதே குற்றம். சட்டம் இருக்கட்டும். பிரயாணமொன்றில் தோழர்கள் பறவையொன்றின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை தவித்துச் சிறகடித்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதனைத் துயரப்படுத்தியவர் யார் எனக் கேட்டுக் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதாக அபூதாவூதில் வரும் செய்தியை நாம் அறிவோம். இது மக்ரூஹா, ஹராமா என்று மாணவர்கள் வாதிடத் தொடங்கினார்கள். காசு கொடுத்து அந்த வேதனையில் நாம் பங்காளியாகக் கூடாது என்றேன்.

வழிகாட்டி சிரித்தார். "ஹாஜியார், வருகிற ஆட்கள்தானே கேட்கிறார்கள். முதலை காட்டுகிற படகு எது என்று விசாரித்துத்தான் ஏறுகிறார்கள். காட்டாத படகுக்காரன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. பெருநாள் விடுமுறையில் வேன் வேனாக வருகிறவர்களில் நம்மவர்களும் உண்டு. ஏறுமுன்பே, "குஞ்சு வேண்டாம், மெதுவாகப் போங்கள், அதே கூலி தருகிறோம்" என்று சொன்னால் படகுக்காரருக்கும் நட்டமில்லை. துடுப்பு வலிக்க முடியாத முதியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் இயந்திரப் படகில் போனாலும் இதைக் கேட்கலாம். அபாயாவுடன் வரும் சகோதரிகளுக்குக் கணவருடனோ சகோதரருடனோ அமரும் இரட்டை இருக்கைக் கயாக்கே வசதி. பாதம் நனையும், மாற்றுடை அவசியம்.

திரும்பும்போது வழிகாட்டி, கேளாமலே, வேறொரு ஓடைக்குள் திருப்பினார். கரையின் மண்சுவரில் ஒரு துளை. மீன்கொத்தியின் வீடாம். துடுப்பை மடியில் வைத்துவிட்டுப் பார்த்திருந்தோம். சற்று நேரத்தில் தாய் வந்தது, அலகில் ஒரு சிறு மீனோடு.