மணியின் சம்மதம்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் மலை ரயில் அவசரக்காரர்களுக்கு ஏற்பட்டதல்ல. 28 கிலோமீட்டரைக் கடக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். என்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று, தண்டவாளத்தின் நடுவேயுள்ள பல்வரிசையைக் கவ்விக்கொண்டு, முக்கி முனகிப் பெட்டிகளைத் தள்ளுகிறது. 1899-ல் ஆரம்பித்த இந்தத் தள்ளல் இன்றும் நிற்கவில்லை. வழியில் கண்ட அருவிகளையும் சுரங்கங்களையும் வர்ணிக்க ஆசைதான். ஆனால் இந்தப் பிரயாணத்தின் கதை ரயில் நின்ற பிறகுதான் ஆரம்பமாயிற்று.

குன்னூர் ஸ்டேஷனில் மூடுபனி. என் எட்டு வயதுப் பெண் வர்க்கி தின்றுகொண்டிருந்தாள். அவள் காலடியில் ஒரு கறுப்பு நாய்க்குட்டி வந்து உட்கார்ந்தது. இரண்டு மாதம் இருக்கலாம். ஒரு வர்க்கியை நான்தான் பிட்டுப் போட்டேன். வினை அங்கேதான் தொடங்கியது.

"இதோட ஆத்தாவைப் போன வாரம் சிறுத்தை தூக்கிட்டுப் போயிருச்சு, சார். குட்டியில இது ஒண்ணுதான் பாக்கி" என்றார் பெட்டி தூக்க வந்தவர்.

ஆட்டோ பாதி மலை ஏறிய பிறகு என் பெண்ணின் ஸ்வெட்டர் தானாக அசைவதைக் கண்டேன். அப்புறம் என்ன செய்ய?

சிம்ஸ் பூங்காவுக்குச் சற்றுத் தள்ளி அக்காவின் வீடு. அங்கே மணி இருக்கிறான். ஒன்பது வயது. பெரிய ஜாதி நாயொன்றுமில்லை. அவனும் ஒரு மழை நாளில் தெருவிலிருந்து வந்தவன்தான். ஆனால் அந்தப் பூர்வோத்தரமெல்லாம் அவனுக்கு மறந்து போயிருக்க வேண்டும். ஸ்வெட்டரை ஒரு முறை முகர்ந்தான். என் முகத்தைப் பார்த்தான். அத்தானின் நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான். அன்று இரவு சோற்றைத் தொடவில்லை.

"வாசலில் கட்டி வைக்கலாமே, அத்தான்?" என்றேன்.

"இந்த ஊரில் ராத்திரி வாசலில் நாயைக் கட்டுவதும், சிறுத்தைக்கு இலை போடுவதும் ஒன்றுதான்" என்றார் அவர்.

அக்கா இன்னும் வெளிப்படையாகப் பேசினாள்: "நீ நாளைக் கழிச்சு ரயிலேறிடுவே, தம்பி. இவனுக்கு யார் பதில் சொல்றது?"

எனக்குப் பதில் இல்லை. சென்னையில் நாங்கள் இருப்பது வாடகைக் குடியிருப்பு. நாய் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். அடுத்தவர் செலவில் தர்மம் செய்ய வந்தவனாகத்தான் அன்று நின்றேன்.

மறுநாள் கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "யாரையாவது கடித்ததா, கீறியதா?" என்பதுதான். நல்ல வேளை, இல்லை. கடித்திருந்தால் சோப்புப் போட்டுக் குழாய் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் ஊசிக்குப் போயிருக்க வேண்டும் என்றார். பிறகு குட்டிக்குப் பூச்சி மருந்து கொடுத்து, முதல் தடுப்பூசியும் போட்டார். வெறிநாய்க்கடிக்கான ஊசி மூன்று மாதம் ஆனதும். மணியின் ஊசிகள் தவணை தவறாமல் இருக்கின்றனவா என்றும் விசாரித்தார். இரண்டு வாரம் இரண்டும் சேரக் கூடாது. தட்டும் கோணியும் வேறு வேறு. பார்வோ என்னும் கிருமி நம் செருப்பில் ஒட்டிக்கொண்டுகூட ஓர் அறையிலிருந்து மறு அறைக்குப் போய்விடுமாம்!

"முதல் சந்திப்பு வீட்டுக்குள் வேண்டாம். இருவருக்கும் சொந்தமில்லாத தெருவில், கயிற்றில் பிடித்து நடத்துங்கள். சோறும் கொஞ்சலும் பெரியவனுக்கு முதலில். அவன் உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் அவன் தரும் எச்சரிக்கை. அதை அடக்கினால் அடுத்த முறை சொல்லாமல் கடிப்பான்."

திரும்பும் வழியில் பாஸ்டியர் நிலையம். வெறிநாய்க்கடி மருந்துக்காகவே 1907-ல் ஏற்பட்டது. லூயி பாஸ்டியர் பாரிஸில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக அந்த ஊசியைப் போட்டது 1885-ல். அத்தான் வாசலில் நின்று வயிற்றைத் தடவிக்கொண்டார். பத்து வயதில் அவரை ஒரு நாய் கடித்துவிட்டதாம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்த மருந்து இப்போது வழக்கத்தில் இல்லை. கையில் நாலைந்து ஊசியோடு போய்விடுகிறது. "அப்படியிருந்தும் மணியை எப்படிச் சேர்த்துக்கொண்டீர்கள்?" என்று கேட்டேன். பூங்காவின் மரங்களைப் பார்த்தபடி, "இரண்டு வாரந்தானே? விறகு அறை காலியாகத்தான் இருக்கிறது" என்றார்.

நாங்கள் புறப்படும்போது விறகு அறைக் கதவின் இடுக்கில் மணி மூக்கை வைத்துக்கொண்டிருந்தான். கோபமா, குசலமா, தெரியவில்லை. மாதாமாதம் குட்டியின் செலவுக்குப் பணம் அனுப்புவதாகச் சொன்னேன். அக்கா வேண்டாமென்று சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் டெலிபோன் மணி அடித்தது. அத்தான் கையில் மணி, அக்கா கையில் குட்டி, பூங்கா ரஸ்தாவில் அரை மணி நடை. மணி இரு முறை உறுமினானாம். மூன்றாம் முறை குட்டி மல்லாந்து படுத்துவிட்டதாம். குட்டிக்குப் பாஸ்டியர் என்று பெயர் வைத்திருக்கிறார் அத்தான்.

"மணி தன் கோணியில் இடம் கொடுத்தானா, அத்தை?" என்று என் பெண் கேட்டாள்.

"கோணி முழுக்க அதுதான் நீட்டிப் படுத்திருக்கு. மணி உங்க மாமா கட்டிலுக்கு அடியிலே. சோறு மட்டும் இன்னிக்கு ஒழுங்காச் சாப்பிட்டான்" என்றாள் அக்கா.