இரண்டு நாள் சும்மா இருத்தல்

மகள்தான் இதற்குக் காரணம். அறுபது வயதானதற்கு ஒரு கொண்டாட்டமும் வேண்டாம் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அவள் ஒரு கடித உறையைக் கொண்டுவந்து கையில் தந்தாள். வாலிஸ் மாநிலத்தில் லொய்க்கர்பாத் என்ற மலைக் கிராமம். அங்கே வெந்நீர்க் குளியலுக்கென்றே இருக்கிற ஒரு ஹொட்டலில் எனக்கும் மனைவிக்கும் இரண்டு இரவுகள்.

“அங்க போய் என்ன பிள்ளை செய்யிறது?” என்று கேட்டேன்.

“ஒண்டும் செய்யிறேல்லை அப்பா. சும்மா இருக்கிறது. அதுக்குத்தான் காசு கட்டியிருக்கு.”

எங்கள் சித்தர்கள் இலவசமாகச் சொல்லிவிட்டுப் போனதை இந்த நாட்டில் விலை போட்டு விற்கிறார்கள் என்று மனைவிக்குச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய கவலை எல்லாம் குளிக்கிற உடுப்பைப் பற்றியதாக இருந்தது.

2024 நவம்பரில் போனோம். சூரிச்சிலிருந்து ரெயில். லொய்ச்பேர்க் மலையின் அடியில் 2007இல் திறந்த 34 கிலோமீற்றர் சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்தால் வேறு ஒரு வெளிச்சம். பிறகு பஸ்ஸில் வளைந்து வளைந்து 1400 மீற்றர் உயரத்துக்கு ஏறவேண்டும். கிராமத்தைச் சுற்றி மூன்று பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர்கள். நடுவில் 51 பாகைச் சூட்டோடு நிலத்திலிருந்து நீர் வருகிறது. எல்லா ஊற்றுகளிலுமாக ஒரு நாளைக்கு ஏறக்குறைய 39 இலட்சம் லீற்றர். உரோமர் காலத்திலிருந்து இதில் மனிதர் குளித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கிராமத்தை நான் முன்பே ஒரு கட்டுரையில் சந்தித்திருந்தேன். ஜேம்ஸ் போல்ட்வின் என்ற கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் 1950களின் தொடக்கத்தில் இங்கே வந்து தங்கி, தன் முதல் நாவலை எழுதி முடித்தார். அதற்கு முன் கறுப்பு மனிதரை இந்த ஊர் கண்டதில்லை. பிள்ளைகள் அவர் பின்னால் ‘நேகர்’ என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். சிலர் அவருடைய தலைமயிரைத் தொட்டுப் பார்த்தார்கள். அதையெல்லாம் வைத்து 1953இல் ‘கிராமத்தில் ஓர் அந்நியன்’ என்ற கட்டுரையை எழுதினார். நோயாளிகளும் நடக்கமாட்டாதவர்களும் இந்த நீரைத் தேடி வருவதைப் பற்றியும் அதில் சொல்கிறார். ஆனால் தான் அந்த நீரில் இறங்கியதாக ஒரு வரியும் எழுதவில்லை. அந்தக் காலத்தில் அதை நான் கவனிக்கவில்லை. இங்கே வந்து நின்றபோதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

எங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வரவேற்பில் நின்ற பெண் எங்கள் கைகளில் ஆளுக்கொரு இறப்பர் வளையத்தைக் கட்டிவிட்டாள். அதைக் காட்டினால் கதவுகள் திறக்கும். அறையில் இரண்டு வெள்ளைக் குளியல் அங்கிகள், துவாய்கள், செருப்புகள்.

நான் அந்த அங்கியைத் தூக்கினேன். அதன் பாரம் என் கைக்குத் தெரிந்திருந்தது.

1993இலிருந்து 1997வரை இதேபோன்ற ஒரு ஹொட்டலில், வேறொரு மாநிலத்தில், லோன்றியில் வேலை செய்தேன். அதற்கு முன் கோப்பை கழுவினேன், பிறகு சமையல் உதவி. ஆனால் உடம்பில் மிச்சமிருப்பது லோன்றிதான். குளியல் அங்கியைத் தோய்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் இடுப்புப் பெல்ற்றை உருவி வேறாக வைக்கவேண்டும். இல்லாவிட்டால் மெசினுக்குள் இருபது பெல்ற்றும் பாம்புபோல ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். பிறகு இரண்டு பொக்கற்றுகளிலும் கைவிட்டுப் பார்க்கவேண்டும். ஒரு கடதாசிக் கைக்குட்டை கிடந்தால் போதும், அந்தச் சுற்று முழுவதும் பஞ்சு பறந்து திரும்பத் தோய்க்கவேண்டி வரும். மூக்குக்கண்ணாடி, தலைக்கிளிப், ஒருமுறை ஒரு பல்செட். நனைந்த அங்கி உலர்ந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் பாரம். அதை நாளுக்கு நூறு தரம் தூக்கியதில்தான் இந்த வலது தோள் போனது.

அந்த அங்கியை மாட்டிக்கொண்டு முன்பக்க லிப்ற்றில் இறங்கியபோது, வேறு யாருடையதையோ களவாகப் போட்டுக்கொண்டு திரிவதுபோல இருந்தது.

மனைவி வேறு விதமாக அவதிப்பட்டாள். காலையில் அறை துப்புரவு செய்ய ஆள் வரமுன் எழுந்து கட்டிலை விரித்து, குளியலறையைத் துடைத்து, குப்பைப் பையையும் முடிந்து வைத்துவிட்டாள். எரித்திரியப் பெண் ஒருத்தி வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள். “நீங்கள் ஏன் செய்தீர்கள்?” என்று டொச்சில் கேட்டாள். மனைவிக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. “பழக்கம்” என்றாள். இருவரும் சிரித்தார்கள். பதினெட்டு வருடம் முதியோர் இல்லத்தில் கட்டில் விரித்தவள் அவள்.

உடுப்புக் கவலை தீர்ந்தது ஒரு பழைய படத்தால். நடைபாதைச் சுவரில் தொங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஊர்க் குளியல் தொட்டி. ஆணும் பெண்ணும் கழுத்தளவு நீரில், கால்வரை நீண்ட கம்பளி அங்கிகளோடு இருக்கிறார்கள். மணிக்கணக்காக அப்படியே இருப்பார்களாம். நீரில் மிதக்கும் பலகைகளில் கோப்பியும் புத்தகமும். மனைவி படத்தை நெடுநேரம் பார்த்தாள். “அப்ப இவையளும் எங்களை மாதிரித்தான் இருந்திருக்கினம்” என்றாள். தன்னுடைய முழங்காலுக்குக் கீழே வரும் நீச்சலுடையைப் பற்றி அதன்பிறகு அவள் கதைக்கவில்லை. சவுனாப் பக்கம் மட்டும் இருவரும் போகவில்லை. அங்கே உடுப்பே கூடாது என்று கதவில் எழுதியிருந்தது.

மகள் கட்டிய காசில் எனக்கு ஒரு மசாஜும் இருந்தது. ஹங்கேரியப் பெண். வலது தோளில் கை வைத்ததும் “இது என்ன வேலை செய்த தோள்?” என்று கேட்டாள். இதே மாதிரி ஹொட்டலில் லோன்றி என்றேன். அவள் தன் மணிக்கட்டைக் காட்டினாள். பட்டி கட்டியிருந்தது. “எனக்கு இது” என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை. அவள் அமர்த்த அமர்த்த, அந்தக் கை நோகுமே என்பதுதான் என் யோசனையாக இருந்தது. இளைப்பாறுவதற்கும் ஒரு பயிற்சி வேண்டும்போல.

இரண்டாம் நாள் பின்னேரம் வெளியே இருக்கும் தொட்டிக்குப் போனோம். பனி தூறத் தொடங்கியிருந்தது. நீரிலிருந்து ஆவி எழுந்து பாறைகளை மறைத்தது. மனைவி மெல்ல மெல்ல இறங்கிக் கழுத்தளவுக்குப் போய்விட்டாள். நான் கரையில் இருந்து காலை மட்டும் விட்டுக்கொண்டிருந்தேன்.

“இறங்குங்கோவன்.”

“கொஞ்சம் பொறும்.”

என்னால் இறங்க முடியவில்லை. காரணத்தை அவளுக்கு முப்பது வருடமாக நான் சொல்லவில்லை.

1995 பெப்ரவரியில் திருகோணமலையில் ஐயா காலமானார். ஜனவரி 8இல் தொடங்கிய போர்நிறுத்தம் அப்போது இருந்தது. அது ஏப்ரல் 19வரைதான் நின்றது. அந்த இடைவெளிக்குள் ஐயாவின் முப்பத்தோராம் நாள் வந்தது. பாதை திறந்திருந்ததால் தம்பி கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குப் போய் அந்தியேட்டி செய்தான். அங்கே பக்கம் பக்கமாக ஏழு சிறிய கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. இராவணன் தன் தாயின் கடனைக் கழிக்க நிலத்தில் குத்தி உண்டாக்கியவை என்பது கதை. சுற்றுவட்டாரத்துச் சனம் செத்தவர்களுக்குக் கடன் கழிக்க அங்கேதான் போகும். மூத்த பிள்ளை நான். என்னிடம் இருந்தது அகதிப் பயண ஆவணம். எல்லா நாட்டுக்கும் செல்லும், இலங்கையைத் தவிர.

அந்த நாளில் எனக்குப் பின்னேர வேலை. இரவு பதினொரு மணிக்கு, விருந்தினர் எல்லாரும் போன பிறகு, வெந்நீர்த் தொட்டியடியில் கிடக்கும் ஈரத் துவாய்களைச் சேர்ப்பது என் கடைசி வேலை. ஆவி எழுந்துகொண்டிருந்தது. சுடுதண்ணி எங்கே இருந்தாலும் சுடுதண்ணிதானே என்று தோன்றியது. சேர்ட்டைக் கழற்றிவிட்டுக் காற்சட்டையோடு இறங்கினேன். தெற்கு எது என்று தெரியவில்லை. ஏழு கிணற்றுக்கு ஏழு முழுக்கு. ஐந்தாவது முழுக்கில் தலையைத் தூக்கியபோது லைற் எரிந்தது. இரவுக் காவலாளி நின்றான்.

அடுத்த நாள் முகாமையாளர் என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. மிகவும் மரியாதையாக, ஊழியர் குளிப்பது விதிக்கு முரண் என்று சொல்லி எழுத்தில் ஒரு எச்சரிக்கை தந்தார். நான் காரணம் சொல்லவில்லை. எந்த டொச்சில் சொல்வது? திரும்பி லோன்றிக்கு வந்து யன்னலால் பார்த்தேன். தொட்டியை இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஆவியோடு நீர் முழுவதும் குழாயால் போய்க்கொண்டிருந்தது. வழக்கமாகத் துப்புரவு செய்யும் நாளும் அதுவாக இருந்திருக்கலாம். நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது.

என்னோடு வேலை செய்த யூகோஸ்லாவியக்காரன் தோளில் தட்டினான். “ஒரு ஆளுக்காக இவ்வளவு தண்ணியை மாத்திறாங்கள். நீ பெரிய ஆள்” என்றான்.

இதை ஒரு வெள்ளைக்கார அநியாயமாக எழுதி முடித்துவிடலாம். அப்படி முடிக்க ஏலாததுதான் என் கஷ்டம். ஏனென்றால் அந்த யன்னலில் நின்றபோது எனக்கு நினைவு வந்தது வேறு ஒரு இறைப்பு.

1973. எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூட லீவுக்கு யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டில் நிற்கிறோம். ஒழுங்கையில் விளையாடிவிட்டுத் தண்ணி விடாயோடு ஓடி வந்தோம். என்னோடு வந்த பொடியன் எங்களோடு சமமாகக் கிணற்றில் அள்ளக்கூடாத ஆள். அது அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். விளையாட்டு மும்முரத்தில் இருவரும் மறந்துபோனோம். அவனே வாளியை விட்டு அள்ளிக் குடித்தான். அம்மம்மா குசினி வாசலில் நின்று பார்த்தார். அவரும் சத்தம் போடவில்லை. “தம்பி, வீட்டை போ” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் காலையில் மெசின் பூட்டிக் கிணற்றை இறைத்தார்கள். கடைசியில் உள்ளே இறங்கிச் சேறு அள்ளிச் சுத்தம் செய்ததற்குக் கூலி வாங்கியவர் அந்தப் பொடியனின் தகப்பன். எதற்காக இறைக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஐயா விறாந்தையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கந்தோரில் எல்லாரோடும் ஒன்றாக இருந்து சாப்பிடுகிற மனுசன். அன்றைக்கு அவர் தலை நிமிரவில்லை. நான் என்ன செய்தேன்? வாய்க்காலில் வாழைக்குப் பாய்ந்துகொண்டிருந்த அந்த நீரில் கடதாசிக் கப்பல் விட்டேன். சந்தோசமாக விட்டேன்.

அந்த ஐயாவுக்காகத்தான் ஏழு முழுக்குப் போடப் போய், ஐந்தில் நிறுத்தப்பட்டேன்.

நாங்கள் எல்லாரும் நீருக்கு வாசல் வைத்தவர்கள்தான். கன்னியாவிலும் இப்போது அதே வழக்கு. பிள்ளையார் கோயில் இருந்த இடத்தில் விகாரை எழுவதற்கு எதிராக 2019 ஜூலையில் சனம் திரண்டது. எங்கள் கிணற்றடியை எங்களுக்கு இல்லையென்று சொல்ல அவர்கள் யார் என்று நானும் கோபப்பட்டேன். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதே வார்த்தைகளைச் சொல்ல அம்மம்மாவின் கிணற்றடியில் ஒருவருக்கும் வாய் இருக்கவில்லை.

இவ்வளவையும் அன்று கரையில் இருந்தபடி மனைவிக்குச் சொன்னேன். அவள் நீருக்குள் நின்றே கேட்டாள். நான் முடித்தபிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு, “காலமை அந்தப் படத்துக்குப் பக்கத்தில ஒண்டு எழுதிக் கிடந்தது, வாசிச்சனீங்களோ?” என்று கேட்டாள்.

வாசித்திருந்தேன். மலையில் பெய்யும் மழையும் பனியும் நிலத்துக்குள் இறங்கி, ஆழத்தில் சூடேறி, சுமார் நாற்பது வருடங்களுக்குப் பிறகுதான் இங்கே ஊற்றாக வெளியே வருகிறதாம்.

“நீங்கள் வந்த வருசத்துப் பனியாக்கும்” என்றாள். “எண்பத்தி நாலு. அதுவும் இவ்வளவு நாளும் கீழதான் கிடந்திருக்கு. இறங்குங்கோ.”

இறங்கினேன். நீர் உடம்புச் சூட்டோடு இருந்தது. தெற்கு எது என்று இந்த முறையும் தெரியவில்லை. மிச்சமிருந்த இரண்டு முழுக்கையும் போட்டேன். ஆறாவது ஐயாவுக்கு. ஏழாவதை, கிணற்றுக்குள் இறங்கிச் சேறு அள்ளிய அந்த மனிதருக்கு என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய பெயரை நான் ஒருநாளும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கடன் இதனால் கழிந்தது என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய மகன் உயிரோடு இருந்தால் அவனுக்கும் இப்போது அறுபது.

பக்கத்தில் இருந்த வயதான சுவிஸ் பெண்மணி, இது கழுத்துக்குச் செய்கிற பயிற்சியா என்று கேட்டார். ஓம் என்றேன். அவரும் ஒருமுறை முழுகிப் பார்த்துவிட்டு, நல்லது என்றார். யாரும் லைற் போடவில்லை. அரை மணித்தியாலம் நானும் மனைவியும் ஒன்றும் செய்யாமல் அந்த நீரில் இருந்தோம். பனி தலையில் விழுந்து உருகியது. மகள் காசு கட்டியதில் உண்மையாக நான் சும்மா இருந்த நேரம் அந்த அரை மணித்தியாலம்தான்.

அடுத்த நாள் காலையில் அறையை விடும்போது குளியல் அங்கிகளைக் கூடைக்குள் போட எடுத்தேன். இரண்டிலும் பெல்ற்றை உருவினேன். பொக்கற்றுகளில் கைவிட்டுப் பார்த்தேன். மனைவியுடையதில் ஒரு கடதாசிக் கைக்குட்டை இருந்தது. அதை எடுத்துவிட்டு, பெல்ற் இரண்டையும் சுருட்டி மேலே வேறாக வைத்தேன்.