கடல் கடந்த கோழிச்சோறு

ஊரை விட்டுப் புறப்படுவோர் நிலத்தையும் வீட்டையும் உடன் கொண்டுசெல்ல இயலாது. நாவில் ஊறிய சுவையின் நினைவோ அவர்களுடனேயே கப்பலேறும். சிங்கப்பூரின் அடையாள உணவாக இன்று போற்றப்படும் கோழிச்சோறும் அவ்வாறு கடல் கடந்து வந்ததே.

சீனாவின் தென்கோடியில் அமைந்துள்ள தீவு ஹைனான். அங்குள்ள வென்சாங் என்னும் ஊர் கோழிகளுக்குப் பெயர்பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் ஹைனான் மக்கள் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூருக்கு வரத் தொடங்கினர். அவர்களுக்கு முன்பே ஹொக்கியன், தியோச்சூ மொழி பேசுவோர் அங்கு வந்து வணிகத்தில் காலூன்றியிருந்தனர். பிந்தி வந்தவர்களுக்குச் சமையற்கட்டே எஞ்சியது. ஆங்கிலேயரின் இல்லங்களிலும் விடுதிகளிலும் அவர்கள் சமையற்காரராகப் பணியாற்றினர், காப்பிக்கடைகளையும் நடத்தினர்.

அவர்கள் கூடிவாழ்ந்த மிடில் சாலைப் பகுதியில், தோளில் மூங்கில் தண்டும் அதன் இருமுனைகளில் கூடைகளுமாகத் தெருத்தெருவாக நடந்து சிலர் கோழிச்சோறு விற்றனர். பின்னர் அவ்வுணவு கடைகளுக்குள் இடம்பெயர்ந்தது. 1947இல் தொடங்கப்பெற்ற சுவீ கீ உணவகம் 1997 வரை அரை நூற்றாண்டுக் காலம் அதனைப் பரிமாறியது.

ஒரு கோழியில் எதனையும் வீணாக்காத சிக்கனமே இச்சமையலின் அடிப்படை. முழுக்கோழியைத் தளதளவெனக் கொதிக்கவிடாமல், மிதமான சூட்டில் நீரில் வேகவைப்பர். வெந்தவுடன் குளிர்நீரில் அமிழ்த்துவர். அதனால் தோல் வழவழப்பாகும். இறைச்சி மென்மை குன்றாது. உருக்கிய கோழிக்கொழுப்பில் இஞ்சி, பூண்டுடன் அரிசியை வதக்கி, கோழி வெந்த சாற்றையே உலைநீராக வார்ப்பர். மீந்த சாறு, சிறு கிண்ணத்தில் சூப்பாகச் சோற்றின் அருகே வந்து அமரும்.

வந்த மண்ணும் தன் பங்கினை அளித்தது. தாழை இனத்தைச் சேர்ந்த பாண்டான் இலை சோற்றுக்கு மணமூட்டியது. எலுமிச்சைப் புளிப்புடன் அரைத்த மிளகாய்ச் சாறு தொட்டுக்கொள்ளச் சேர்ந்தது. இசுலாமியர் உண்ணத்தக்க முறையில் சமைக்கும் கடைகளும் தோன்றின. மலாக்காவில் இச்சோறு உருண்டையாகப் பிடிக்கப்படுகிறது. தாய்லாந்தில் இதன் உறவான உணவு 'காவ் மன் காய்' எனப்படுகிறது.

சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. அதற்குப் பின் இரண்டாண்டுகள் கூட நிறையாத நிலையில் ஒரு சோதனை நேர்ந்தது. உள்நாட்டுத் தட்டுப்பாட்டினால் 2022 சூன் மாதத்தில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூருக்குத் தேவையான கோழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்தே வந்துகொண்டிருந்தது. உறைபனிக் கோழியில் பழைய மென்மை வாராது எனக் கடைக்காரர்கள் கலங்கினர். தடை தொடங்குமுன் ஒருமுறையேனும் உண்டுவிட வேண்டுமென மக்கள் கடைகளின் முன் வரிசையில் நின்றனர். சமையற்கட்டை மட்டுமே பெற்ற ஓர் எளிய கூட்டத்தாரின் உணவு, அதற்குள் எல்லாருடைய உணவாகவும் ஆகிவிட்டிருந்தது.